ஏழாந் திருவிழாவின் கொம்பியூட்டர்

வெள்ளவத்தை, கொழும்பு
12.01.1986

அன்புத் தங்கச்சி அருந்ததிக்கு,

நான் சுகமாயிருக்கிறேன். அம்மாவின் முழங்கால் நோவும் உன் தடிமனும் இந்தக் கடிதம் வந்து சேர முதல் மாறியிருக்க வேண்டும் என்ற நினைப்போடு எழுதுகிறேன்.

இதைக் கொண்டுவரும் சண்முகநாதன் எங்கள் கந்தோரில் வேலை செய்பவர். ஊர் சுன்னாகம். மாதம் ஒருமுறை வீட்டுக்குப் போய்வருவார், நம்பலாம். அவர் தரும் பெட்டியைத் திறந்து, "இதென்ன அண்ணை, கறுத்தச் சவர்க்காரப் பெட்டி" என்று கேட்காதே. அதுதான் கொம்பியூட்டர். கந்தோருக்குப் புதியது வந்ததும் பழையதை எனக்குத் தந்துவிட்டார்கள். வீட்டு ரீவியில் பொருத்தினால் எழுத்துத் தெரியும். எழுதிய புறோகிறாமைக் கசற்றில் பதிந்து வைக்க வேண்டும். பதிய முதல் கரண்ட் போனால் எல்லாம் போய்விடும். அங்கே கரண்ட் எப்படி என்று எனக்குத் தெரியும், ஆகையால் அடிக்கடி பதி.

உன் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குக் காட்ட இது உதவும். இரண்டு புத்திமதி சொல்கிறேன். பிழை எங்கே என்று தெரியாவிட்டால் ஒரு நேரத்தில் ஒரு வரியை மட்டும் மாற்றி ஓட்டிப் பார். பத்து வரியை ஒன்றாய் மாற்றினால் எது பிழை என்று பிள்ளையாருக்கும் தெரியவராது. மற்றது, சரி என்று உனக்கு நிச்சயமாகத் தெரிந்த வரியையும் சோதிக்காமல் விடாதே. நான் இராத்திரித் தூக்கம் கெட்டதெல்லாம் அப்படியான வரிகளால்தான்.

அம்மாவைக் குளிரில் முற்றம் கூட்ட விடாதே.

உன் அண்ணை,
தேவராசா

மானிப்பாய்
02.02.1986

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் வயிற்றெரிவு இப்போது எப்படி? கடைச் சாப்பாட்டைக் குறையுங்கள் என்று அம்மா நாலு தரம் சொல்லி எழுதச் சொன்னார். அம்மாவுக்குச் சுகம். முழங்கால் மட்டும் மழை வர ஒரு நாள் முன்னதாக அறிவித்தல் கொடுக்கிறது.

சவர்க்காரப் பெட்டி நன்றாக வேலை செய்கிறது. ஆனால் கணக்கை விட்டு வேறு பாதையில் போய்விட்டது. எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும் சீவரத்தினம் அண்ணையைத் தெரியும்தானே, காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் மின்சாரப் பகுதியில் இருந்து இளைப்பாறியவர். பொழுதுபோகாமல் எட்டிப் பார்த்தவர் அரை மணித்தியாலம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார், "பிள்ளை, உது எண்ணத் தெரிஞ்ச சாமானெண்டால், லைற்றுகளை எண்ணக் குடுத்தாலென்ன?"

கோயில் சோடினைக்கு லைற் ஓடுவது எப்படி என்று அவர் சொல்லித்தான் அறிந்தேன். மர உருளையில் செப்புத் தகடு அடித்து மோட்டரில் சுழற்றுவார்களாம். தகடு தொட்டால் லைற் பத்தும், விட்டால் அணைந்து நூரும். அந்த உருளையின் வேலையைக் கொம்பியூட்டர் செய்யலாம், பாட்டோடு சேர்த்தே செய்யலாம் என்று இப்போது சனிக்கிழமைகளில் மூன்று மணிக்கு எங்கள் விறாந்தையில் கூடுகிறோம். சீவரத்தினம் அண்ணை வயர் பூட்டுகிறார். என்னோடு படிப்பிக்கும் மார்கிரட், தேவாலயத்தில் ஓர்கன் வாசிப்பவர், பாட்டின் சுரங்களை எண்ணாக்கித் தருகிறார். யாழ்ப்பாணத்தில் றேடியோ திருத்தும் கடையும் ஒலிபெருக்கியும் வைத்திருக்கும் சுஹைர் சத்தத்தைப் பார்க்கிறார். ஒருவர் எண்களை வாசிக்க நான் தட்டுவேன். பிறகு நான் வாசிக்க அவர் சரிபார்ப்பார். அம்மா எங்களுக்கு 'வயர்ச் சங்கம்' என்று பேர் வைத்திருக்கிறார்.

ஆனியில் சண்டிலிப்பாய்ப் பிள்ளையாருக்குக் கொடியேறும். ஏழாந் திருவிழா எங்கள் வீட்டு உபயத் திருவிழா. போன வருஷம் ஆறாந் திருவிழாக்காரர் லைற்றுச் சிகரம் பூட்டிவிட்டு எங்களுடைய பெற்றோல்மக்ஸைப் பார்த்துச் சிரித்தது நினைவிருக்கிறதா? இந்த வருஷம் பார்ப்போம்.

தங்கச்சி,
அருந்ததி

வெள்ளவத்தை
19.02.1986

அன்புத் தங்கச்சிக்கு,

வயிற்றெரிவு குறைவு. மற்ற எரிவு கூடியிருக்கிறது, அதை எழுதத்தான் இந்தக் கடிதம்.

சீவரத்தினத்தை எனக்குத் தெரியும். நல்லவர், ஆனால் வாய் அகலம். மார்கிரட் யாருடைய பிள்ளை? சுஹைர் என்பவருக்கு என்ன வயது? யாழ்ப்பாணத்தில் இருந்து ஒவ்வொரு சனியும் மானிப்பாய்க்கு வந்து வயருக்குப் பக்கத்தில் இருக்க அவருக்கு என்ன தேவை? காலம் சரியில்லை, தங்கச்சி. வயர், பற்றறி, நேரம் பார்த்துப் பத்துகிற சாமான் என்று நாலு பேர் ஒரு வீட்டில் கூடினால், பார்க்கிறவன் பாட்டென்றா நினைப்பான்?

எண் வாசிக்கிற அந்த 'ஒருவர்' யார்? பேரை ஏன் எழுதவில்லை?

திருவிழா எங்கள் வீட்டுப் பேரில் நடப்பது. அப்பாவுக்குப் பிறகு அந்தப் பொறுப்பு எனக்கு. ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்கியிருக்கலாம்.

கனடாவில் இருக்கும் மாப்பிள்ளையின் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். உனக்கு முப்பத்தாறு வயதான பிறகு படம் வருவதே பெரிய காரியம். அம்மாவுக்கும் காட்டு. அம்மாவின் சுகத்துக்குக் கட்டாயம் எழுது.

அண்ணை,
தேவராசா

மானிப்பாய்
10.03.1986

அன்புள்ள அண்ணைக்கு,

எல்லோரும் சுகம். எரிவுகள் இரண்டுக்கும் மோர் குடியுங்கள்.

மாப்பிள்ளையின் படம் கிடைத்தது. அவருக்குப் பின்னால் நிற்கும் கார் நல்ல கார்.

போன சனிக்கிழமை மோகனத்தில் முதல் வரி சரியாக வந்தது. கொம்பியூட்டரின் குரல் நுளம்பு காதுக்குள் பாடுவது போலத்தான் இருக்கும். ஆனால் சுஹைர் அதை ஒலிபெருக்கியில் கொடுத்து எதையோ திருகினார், நாதசுரத்துக்குப் பக்கத்து வீட்டுச் சத்தம் போல வந்துவிட்டது. ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு வரிசை மின்குமிழ் பத்தியது. மார்கிரட் கை தட்டினார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. பதியவில்லை. மூன்று கிழமை வேலை போய்விட்டது. நான் அழுதே விட்டேன், அண்ணை.

பிறகு அவசரத்தில் இன்னொரு பிழையும் செய்தேன். மீண்டும் தட்டியதைப் பதிய, கைக்குக் கிட்டிய கசற்றை எடுத்துப் போட்டேன். அது அப்பாவின் தேவாரக் கசற். முன்பக்கம் முழுக்க இப்போது கொம்பியூட்டரின் கீச்சுத்தான் கேட்கும். எங்கள் கூட்டத்துக்கு மட்டும்தான் தெரியும், அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. நீங்களும் மூச்சு விட வேண்டாம்.

எண்ணை யார் வாசித்தாலும் எண் மாறாது. ஆகையால் அந்தக் கேள்விக்குப் பதில் எழுதவில்லை. பொலிசுக்காரர் கேட்பது போல் கேட்டால் எனக்கு வாய் திறக்காது என்று சின்னனில் இருந்தே உங்களுக்குத் தெரியும்.

இத்துடன் எண் வரிசை ஒரு தாள் அனுப்புகிறேன். எட்டாவது வரியில் ஏதோ இடிக்கிறது. பார்த்துச் சொல்லுங்கள்.

தங்கச்சி,
அருந்ததி

வெள்ளவத்தை
27.03.1986

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம். சுகமா?

உன் கடிதம் பிரித்துத் திரும்ப ஒட்டப்பட்டு வந்தது. பசை வழிந்து காய்ந்திருந்தது. உள்ளே ஒரு தாள் நிறைய எண். எந்தச் சோதனைச் சாவடியில் யார் அதை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்தானோ தெரியாது. இனிமேல் ஒரு எண்ணும் எழுதி அனுப்பாதே. எட்டாவது வரியை நான் பார்க்கவில்லை, தாளை எரித்துவிட்டேன்.

சண்முகநாதன் போன முறை உங்கள் ஒழுங்கையால் போனாராம். விளக்கு வைக்கிற நேரத்திலும் எங்கள் படலையில் ஒரு மோட்டார் சயிக்கிள் நின்றதாம். சீவரத்தினத்திடம் மோட்டார் சயிக்கிள் இல்லை என்று எனக்குத் தெரியும்.

உன்னில் எனக்குச் சந்தேகமில்லை. நாலு பக்கத்திலும் இருக்கிற மற்றவர்களில்தான் சந்தேகம். இதை நிறுத்து. கொம்பியூட்டரைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வை. கனடாக்காரர் பதில் கேட்கிறார்.

அண்ணை,
தேவராசா

மானிப்பாய்
21.04.1986

அன்புள்ள அண்ணைக்கு,

வருஷப்பிறப்புக்கு நீங்கள் வராதது அம்மாவுக்குக் கவலை. உங்கள் கைவிசேடக் காசை எடுத்து வைத்திருக்கிறார். அவருக்குச் சுகம், எனக்கு நித்திரை இல்லை.

எங்கள் கூட்டத்தின்மேல் பேர் போடாத முறைப்பாட்டுப் பெட்டிசம் ஒன்று போயிருக்கிறது. கோயில் தர்மகர்த்தா கதிரவேலருக்குத் தபாலில் வந்திருக்கிறது, சுன்னாகத்து முத்திரை. அவர் என்னைக் கூப்பிட்டு வாசிக்கத் தந்தார். கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. 'சைவ ஆலயத்தின் ஒளி ஒலியைச் சோனகத் தெருவைச் சேர்ந்த சுஹைர் என்பவர் கையில் கொடுத்திருப்பதும், காலஞ்சென்ற ஆழ்வாப்பிள்ளை அவர்களின் தேவாரக் கசற்றை அழித்து அதன்மேல் இயந்திரக் கூச்சலைப் பதிந்திருப்பதும் தங்கள் மேலான கவனத்துக்கு' என்று போகிறது. கடைசியில் 'பொதுநலம் விரும்பும் ஒருவன்'. யாழ்ப்பாணத்தில் பாதிப்பேர் பொதுநல விரும்பிகள்தான், அப்பாவின் பெட்டிசங்களும் அப்படித்தான் முடியும்.

கதிரவேலர் நல்ல மனிதர். "பிள்ளை, நான் உதைக் கணக்கெடுக்கேல்லை. ஆனால் உங்கடை ஆக்களுக்குள்ளைதான் ஆரோ இருக்கினம், பாத்துக்கொள்" என்றார். கசற் விஷயம் எங்களுக்குள் மட்டும்தானே இருந்தது!

போன சனிக்கிழமை எல்லோரும் வந்தார்கள். சீவரத்தினம் அண்ணை வயரைப் பார்த்தபடி இருந்தார். மார்கிரட் தேத்தண்ணீரைத் தொடவில்லை. சுஹைர், "நான் விலகட்டோ ரீச்சர்? என்னாலைதானே" என்று கேட்டார். 'இல்லை' என்று சொன்னேன். சொல்லும்போதே, 'விலகுவது போல் நடிக்கிறாரோ' என்று ஒரு எண்ணம். சீவரத்தினம் அண்ணையின் பழைய உருளைகளுக்கு இனி மதிப்பில்லை, ஆகவே அவரோ? மார்கிரட்டுக்குத் தேவாலயத்தில் யாரும் ஏதும் சொல்லிக் கொடுத்தார்களோ? என் மனம் இவ்வளவு ஊத்தை என்று எனக்கு இதுவரை தெரியாது.

நான் என்ன செய்ய, அண்ணை?

அருந்ததி

வெள்ளவத்தை
06.05.1986

அன்புத் தங்கச்சிக்கு,

அம்மாவின் கைவிசேடத்தை நீயே செலவழி, எனக்கு லீவு இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

பெட்டிசத்துக்கு இவ்வளவு கலங்குவதா? அப்பாவின் பிள்ளையா நீ? வேலி அரை அடி தள்ளினால் ஒன்று, பக்கத்து வீட்டுச் சேவல் நேரம் தவறிக் கூவினால் ஒன்று என்று எழுதினவர். நீயும் நானும் அல்லவா பிரதி எடுத்தோம்! அதில் எதனால் யாருக்கு என்ன நடந்தது? அரசாங்கக் கச்சேரியின் மேசை லாச்சிக்குள் கிடந்து கறையானுக்குச் சாப்பாடானது. பெட்டிசம் என்பது ஆளைத் திருத்துவதற்கு ஒரு செல்லத் தட்டு, அவ்வளவுதான்.

யார் எழுதினது என்று தேடாதே. தேடினால் மனம்தான் கெடும். ஆனால் ஒன்றை யோசி. நாலு பேரில் ஒருவர் என்றால், எங்களுக்கு நெடுங்காலம் தெரியாத ஆள் யார்? நானென்றால் அந்த ஆளை மெதுவாக நிறுத்திவிடுவேன். அவர் நின்றால் கூட்டம் தானாக நிற்கும், எல்லோருக்கும் நல்லது.

கனடாக்காரருக்கு 'யோசிக்கிறாள்' என்று பதில் போட்டேன்.

அண்ணை,
தேவராசா

மானிப்பாய்
19.05.1986

அன்புள்ள அண்ணைக்கு,

எல்லோருக்கும் சுகம். உங்கள் கடிதம் வந்த பிறகு மனம் கொஞ்சம் தெளிந்தது. பிழை பிடிக்க நீங்கள் சொல்லித் தந்த வழியையே பின்பற்றப் போகிறேன்.

உங்களுக்கு மட்டும் ஒரு இரகசியம். மற்ற யாருக்கும் இன்னும் சொல்லவில்லை. திருவிழாவன்று கொம்பியூட்டரை மணிக்கோபுரத்தின் உச்சியில், மணிக்குக் கீழே உள்ள பலகையில் வைக்கப் போகிறேன். அங்கே யாரும் கை வைக்க மாட்டார்கள், நாலு பக்கமும் வயர் இறக்கலாம்.

கனடாக்காரருக்கு 'யோசித்து முடிந்தது, வேண்டாம் என்கிறாள்' என்று போடுங்கள்.

அம்மா உங்களுக்குப் பருத்தித்துறை வடை சுட்டுச் சண்முகநாதனிடம் கொடுத்துவிடுகிறார். உடையாமல் வந்ததா என்று எழுதுங்கள்.

தங்கச்சி,
அருந்ததி

வெள்ளவத்தை
30.05.1986

அன்புத் தங்கச்சிக்கு,

வடை பாதி தூளாக வந்தது, தூளே ருசி. நான் சுகம். இங்கே வேலை அதிகம், நீட்டி எழுத நேரமில்லை.

சண்முகநாதன் நாளைக்கு ஊருக்குப் போகிறார். அவரிடம் உனக்கு ஒரு நீலச் சேலையும் அம்மாவுக்கு எண்ணெயும் கொடுத்துவிடுகிறேன். திருவிழாவுக்கு உடுத்து. கனடாக்காரருக்கு நான் இன்னும் ஒன்றும் போடவில்லை.

மற்றதெல்லாம் பிள்ளையார் பார்த்துக்கொள்வார்.

அண்ணை,
தேவராசா

வெள்ளவத்தை
29.06.1986

அன்புத் தங்கச்சிக்கு,

ஒரு மாதமாக உன் கடிதம் இல்லை. அம்மாவுக்கு ஏதும் வருத்தமா? உனக்கு? திருவிழா முடிந்திருக்குமே, எப்படி நடந்தது? இரண்டு தரம் தந்தி அடித்தேன், பதில் இல்லை.

சண்முகநாதன் ஊரிலிருந்து வந்து பத்து நாளாகிறது. என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கிறாரில்லை. "அங்கை எல்லாரும் சுகமோ?" என்று கேட்டால், "கடிதம் வரும், பாருங்கோ" என்கிறார். மேசையையும் வேறு பக்கம் மாற்றிக்கொண்டார்.

ஒரு வரி போடு. 'சுகம்' என்ற ஒரு சொல் போதும்.

அண்ணை,
தேவராசா

மானிப்பாய்
07.07.1986

அண்ணைக்கு,

அம்மாவுக்குச் சுகம். எனக்குச் சுகம். சீவரத்தினம் அண்ணைக்கும் மார்கிரட்டுக்கும் சுகம். மற்றவருடைய சுகத்தைக் கடைசியில் எழுதுகிறேன்.

சித்திரையில் வந்த பெட்டிசத்துக்குப் பிறகு நான் உங்கள் முதற் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். ஒரு நேரத்தில் ஒரு வரியை மாற்று என்று எழுதியிருந்தீர்கள். அப்படியே செய்தேன். திருவிழாவன்று கொம்பியூட்டரை எங்கே வைப்பது என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பொய் சொன்னேன். சீவரத்தினம் அண்ணைக்கு வாகனசாலை. மார்கிரட்டுக்கு எதிர்ப்பக்கத்துப் பள்ளிக்கூடம். சுஹைருக்கு மடப்பள்ளிச் சுவரோரம். 'வேறு யாருக்கும் சொல்ல வேண்டாம்' என்று மூவரிடமும் கேட்டுக்கொண்டேன். அடுத்த பெட்டிசம் வந்தால் அதில் எந்த இடம் இருக்கிறதோ அதை வைத்து ஆளைப் பிடிக்கலாம் என்று நினைத்தேன்.

சரியென்று நிச்சயமாகத் தெரிந்த வரியையும் விடாதே என்றும் எழுதியிருந்தீர்கள். கசற் விஷயத்தை உங்களுக்கும் எழுதியிருந்தேனே! ஆகவே ஒரு ஒழுங்குக்காக, சிரித்துக்கொண்டே, உங்களுக்கும் ஒரு பொய் எழுதினேன். மணிக்கோபுரம்.

பெட்டிசம் ஆனி பிறக்க முதல் கதிரவேலருக்கு வந்தது. இந்த முறை அவர் என்னைக் கூப்பிடவில்லை. சுஹைர் என்பவர் மின்விளக்குகளால் ஆகாயத்தில் போகும் ஆமி ஹெலிகொப்டருக்குச் சைகை காட்டப் போகிறார் என்று எழுதியிருந்ததாம். அதைக் கையில் வைத்திருந்தால் நாளைக்குத் தன்னைக் கேட்பார்கள் என்று பயந்து மனுசன் அதை இயக்கப் பெடியளிடம் கொடுத்துவிட்டார். இப்போது கச்சேரி லாச்சி இல்லை, அண்ணை. கறையானுக்கும் நேரம் கொடுப்பதில்லை.

மறுநாள் பின்னேரம் சுஹைரைக் கடையிலிருந்து ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மூன்றாம் நாள் நாங்கள் அவர்களின் முகாமுக்குப் போய்க் கேட்டோம். சீவரத்தினம் அண்ணை, மார்கிரட், நான், சுஹைரின் மனைவி றஷீதா. உள்ளே கூப்பிட்டது என்னை மட்டும். மேசைக்குப் பின்னால் இருந்தவனுக்கு என் பழைய மாணவர்களின் வயதுதான் இருக்கும்.

"மெசின் எங்கை, ரீச்சர்?"

"என்ரை வீட்டு அலுமாரிக்குள்ளை."

"மணிக்கோபுரத்துக்கு மேலை எண்டு எழுதிக் கிடக்கு."

கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தச் சொல் உலகத்தில் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். ஒருவர் நான்.

"அப்ப ஏறிப் பாருங்கோ தம்பி" என்றேன். எப்படிச் சொன்னேனோ தெரியாது. "மூண்டு மாதமாய் உதிலை ஒருத்தரும் ஏறேல்லை. ஒண்டு பொய்யெண்டால் மற்றதும் பொய்தானே?"

ஆளனுப்பி ஏறிப் பார்த்தார்கள். புறா எச்சமும் அறாத சிலந்தி வலையும்தான் இருந்தன. திரும்பி வந்தவன் சட்டையில் எச்சம் அப்பியிருந்தது, அதனால்தான் நம்பினார்களோ தெரியாது, சுஹைரை விடச் சம்மதித்தார்கள். அந்த மேசைக்காரன் கடைசியாகக் கேட்டான், "உதை ஆர் எழுதினதெண்டு தெரியுமோ, ரீச்சர்?"

"தெரியாது" என்றேன். உங்களுக்காகச் சொன்ன பொய், அண்ணை. வெளியே வந்தபோது றஷீதா என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை.

பிறகு சண்முகநாதன் வீட்டுக்குப் போனேன். "அண்ணை ரண்டு தரம் கடிதம் தந்தவர். சுன்னாகத்திலை பெட்டியிலை போடச் சொன்னவர், போட்டன். வேறையொண்டும் தெரியாது பிள்ளை" என்றார். நடந்ததைச் சொன்னேன். அந்த மனுசன் திண்டாடிப்போனார். நீங்கள் அனுப்பிய சேலையை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

நீங்கள் ஏன் எழுதினீர்கள் என்று எனக்குத் தெரியும். கதிரவேலரைப் பயப்படுத்தினால் அவர் தடுப்பார், கூட்டம் கலையும், நீங்கள் சந்தேகித்த சுஹைரை நான் மறந்து கனடாவுக்குப் போவேன். அவ்வளவுதான் உங்கள் கணக்கு. எண் வாசிக்கும் 'ஒருவர்' யார் என்று கேட்டீர்களே, அது றஷீதா. ஒவ்வொரு சனியும் புருஷனோடு அந்த மோட்டார் சயிக்கிளில் வந்து என் பக்கத்தில் இருந்து வாசித்தவர். ஒரு வரி எழுதியிருந்தால் உங்கள் சந்தேகம் அன்றே தீர்ந்திருக்கும். வீம்புக்கு நான் எழுதவில்லை. அது என் பிழை. மணிக்கோபுரம் என்று எழுதியதும் நான்தான். அது உயிரெடுக்கக் கூடிய பொய் என்று அப்போது யோசிக்கவில்லை. அதே பொய்தான் பிறகு அவரைக் காப்பாற்றியது என்பதால் என் குற்றம் குறையாது. ஆனால் சைகை என்று எழுதியது நீங்கள்.

ஏழாந் திருவிழா நடந்தது. வேண்டாம் என்றுதான் நான் சொன்னேன், சுஹைர் கேட்கவில்லை. "இப்ப நிப்பாட்டினால் பெட்டிசம் உண்மையெண்டாகும், ரீச்சர்" என்றார். கொம்பியூட்டரை எல்லோரும் பார்க்கத் தேர்முட்டிக்குப் பக்கத்தில் மேசை போட்டு வைத்தோம். விளக்கு வைக்கிற நேரம் மோகனம் தொடங்கியது. வரிசை வரிசையாய் லைற் ஓடியது. ஆறாந் திருவிழாக்காரர் வாயைத் திறந்தபடி நின்றார்கள். நான் எதைப் பார்க்க இந்த ஆறு மாதம் பாடுபட்டேனோ அதைப் பார்த்தேன், ஒரு சந்தோஷமும் வரவில்லை.

சுஹைர் ஒலிபெருக்கிகளுக்கு நடுவில் இருந்தார். தலையை ஒரு பக்கம் சரித்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் கேட்டார், "ரீச்சர், இடப்பக்கப் பெட்டி பாடுதோ?"

அது நன்றாகப் பாடிக்கொண்டிருந்தது. "ஓம், பாடுது" என்றேன். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டுக் கையால் இடது காதை மூடித் திறந்து பார்த்தார். அங்கே வைத்து அடித்த அடியில் அந்தக் காது போய்விட்டது. மானிப்பாய் ஆசுபத்திரியில் காட்டினோம், இனி வராது என்றார்கள். கேட்டுக் கேட்டே பிழைக்கிற மனுசன்.

மூவரும் இன்னும் ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். சீவரத்தினம் அண்ணை மார்கிரட் இல்லாத நேரம் பார்த்து, "உவதான் எழுதியிருப்பா" என்கிறார். மார்கிரட் சீவரத்தினம் அண்ணையைச் சொல்கிறார். இதை நான் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வரும் சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை மூன்று மணிக்கு, நீங்கள் எழுதிய கடிதங்களையும் நான் எழுதிய இதன் பிரதியையும் விறாந்தையில் வைத்து வாசிக்கப் போகிறேன். முதலில் அம்மாவுக்கு வாசிப்பேன்.

அதற்கு முன் நீங்கள் வந்தால் நான் வாசிக்கத் தேவையில்லை. நீங்களே சொல்லலாம். கடிதமாய் எழுதி அனுப்ப வேண்டாம், உங்கள் எழுத்தை இனி அவர்களுக்குக் காட்ட எனக்கு மனமில்லை. பஸ் ஓடுகிறது, லீவு எடுங்கள்.

வந்தால் சுஹைருக்கு வலப்பக்கமாய் நின்று கதையுங்கள்.

அருந்ததி